கதவு இலக்கம் 47, கரம்பன்

ஏழு அறை. ஏழுக்கும் பூட்டு.
பின்பக்கக் குசினியில் மட்டும் புகை.
ஸ்டிக்கரை ஒட்டிவிட்டுக் கேட்டேன்:
ராத்திரி இங்கே எத்தனை பேர் படுத்தெழும்பினீர்கள்?

அந்தோனியம்மா விரல் மடக்கவில்லை.
போனை நீட்டினாள்.

ஸ்காபரோவில் நடுச்சாமம்.
குகநேசன் அண்ணை நித்திரை கொள்ளவில்லை.
"தங்கச்சி, பூட்டின வீடெண்டு எழுதும்.
பதிஞ்சால் பிறகு எழுப்பேலாது.
ஒராள் வந்தால் பின்னால பத்துப்பேர் வருவினம்.
ஹற்றன் ஆக்களுக்கு இஞ்ச என்ன அலுவல்?"

பிறகு அவரே சொன்னார், கேளாமலே:
தொண்ணூறில் தானும்
ஒரு பேஸ்மென்றில் ஆறு பேரோடு படுத்ததாம்,
தபால்பெட்டியில் பெயர் ஒட்ட
வீட்டுக்காரன் விடவில்லையாம்.
அது வேற, என்றார்.
ஓம் என்றேன். லைன் அறுந்தது.

போன தேர்தலில் மேடைக்கு மேடை அழுதார்கள்:
சனம் குறைஞ்சுது, ஆசனம் குறைஞ்சுது,
பெத்துத் தள்ளுங்கோ.
ஆர் பெறுவது?
இந்த ஒழுங்கையில் நாற்பத்திரண்டிலிருந்து ஐம்பத்தொன்று வரை
நாய் மட்டும்தான் குட்டி போட்டிருக்கு.
பள்ளிக்கூடத்தையும் மூடப்போகினமாம்.
ஒன்பது பிள்ளையாம்.

குசினி வாசலில் ஒருத்தி
என் பேனையையே பார்த்தபடி.
முன்பல் விழுந்த வயது.
பெயர்?
டிலுக்சி.
எழுத்துக்கூட்டியும் சொன்னாள்,
நான் பிழைவிடுவேன் என்ற மாதிரி.

போன் திரும்ப அடித்தது.
அந்தோனியம்மா அதைக் கவிழ்த்து
அரிசிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

நாலு, என்று எழுதினேன்.

அடுத்தது நாற்பத்தெட்டு.
கெதியாய் முடிக்கவேண்டும்.
பின்னேரம் எனக்கு
ஐஈஎல்டிஎஸ் வகுப்பு.