நொண்டி நாலு

வண்டி வந்து இறக்கியதும்
நான் முதலில் பார்ப்பது குண்டியைத்தான்.
சிரிக்காதீர்கள்.
பாட்டிலுக்கு முகத்தில் ஒட்டியிருப்பது லேபிள்.
ஒரு ராத்திரி தண்ணீரில் கிடந்தால்
சிங்கமும் உரியும், சேவலும் உரியும்,
விலை, தேதி, உடல்நலத்துக்குக் கேடு என்கிற
பொடி எழுத்தும் உரியும்.
அடியில் புடைத்திருப்பது உரியாது.

மண்டபம் ரயில்வே கேட் தாண்டி
சேகு நயினா பழைய இரும்புக் கடையில்
பாட்டில் பிரிக்கிற வேலை.
பெயர் ஞானப்பூ. கூலி நாளுக்கு நானூறு.

வட்டத்துக்குள் முக்கோணம் என்றால் பீர்.
முழுசாகத் திரும்பிப் போகும், ஒன்றுக்கு இரண்டு ரூபாய்.
நங்கூரம் போட்டது ஊறுகாய்க் கம்பெனி,
சில மாதம் எடுப்பான், சில மாதம் மாட்டான்.
இடப்பக்க எண் எந்த அச்சு என்பது,
வலப்பக்கம் வருஷம்.
புது அச்சு வெட்டச் சோம்பலோ காசில்லையோ,
பழைய வருஷத்தின் பக்கத்தில்
ஒரு புள்ளி குத்தி ஓட்டிவிடுவார்கள்.
மூன்று புள்ளி வரை பார்த்திருக்கிறேன்.
தேய்ந்ததை நகத்தால் படிப்பேன்.
நகத்துக்கும் பிடிபடாவிட்டால்
அடுப்புக்கரி தேய்த்து, டார்ச்சைச் சாய்த்துப் பிடிப்பேன்.
அப்போதும் இல்லையென்றால் அது உடைசல்.
உடைசல் கிலோ ஒன்றரை ரூபாய்.
சம்மட்டி என் பக்கத்திலேயே இருக்கிறது.

வாடை விழுந்தால் வேறு சரக்கு.
வடகடல் ஓரமெல்லாம் பாசி சுற்றிக்கொண்டு
அக்கரைச் சாராயப் பாட்டில்கள்.
நம்முடையதைவிடத் தடிமன்,
உப்பு அரித்துப் பால்போல் வெளுத்திருக்கும்.
அடியில் எழுத்தும் எண்ணும் குறையில்லாமல் இருக்கும்.
இருந்து என்ன?
திரும்ப எடுக்க வேண்டிய கம்பெனி
தண்ணீருக்கு அந்தப் பக்கம்.
பேர் தெரிந்தும் நான் உடைக்கிற பாட்டில்
அது மட்டும்தான்.

கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை
கேம்ப்பிலிருந்து தவமலர் வந்தாள்,
இரண்டு சாக்கு பிளாஸ்டிக்கும் ஓர் ஓட்டை அண்டாவுமாக.
தராசுக்குக் காத்திருந்தவள்
என் குவியலிலிருந்து ஒன்றை எடுத்து
நான் கவிழ்ப்பதுபோலவே கவிழ்த்தாள்,
வெளிச்சத்துக்குச் சாய்த்தாள்.
எனக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

"இது எங்கட போத்தல்."
அங்கேயிருந்து வருவதெல்லாம்
உங்களுடையதுதானே என்றேன்.
"இல்லை. எங்கட.
நாலாம் அச்சு. நாலுக்குக் கால் முறிஞ்சு கிடக்குது, பாருங்கோ.
ஸ்பானர் விழுந்து அச்சு நசுங்கினது.
மாத்துவம் மாத்துவம் எண்டு சொல்லியே
ரெண்டு வருஷம் ஓட்டினவங்கள்.
நாங்கள் நொண்டி நாலு எண்டுதான் கூப்பிடுறது."

பார்த்தேன். இத்தனை வருஷமும் அதை
கல்லில் பட்ட காயம் என்று நினைத்திருந்தேன்.

விளக்குப் பலகைக்கு முன்னால் ஸ்டூல் போட்டு
நிமிஷத்துக்கு அறுபது கழுத்து பார்த்தவளாம்.
வெடித்ததை இடக்கையால் தட்டிவிட வேண்டும்.
அந்தக் கையைக் காட்டினாள்.
கையில் ஒன்றும் இல்லை.

எடுத்துக்கொள் என்றேன்.
"வச்சு என்ன செய்ய?"
சத்தம் வராமல் குவியலில் திருப்பி வைத்தாள்.
பிறகு அண்டாவுக்கு எடை குறைகிறதென்று
சேகு நயினாவோடு சண்டை பிடித்து
முப்பது ரூபாய் கூட வாங்கிக்கொண்டு போனாள்.

மார்கழிக்குள் இன்னும் மூன்று ஒதுங்கின.
ஒன்றில் மூடிகூட இறுகியிருந்தது,
உள்ளே ஒரு சொட்டு ஏறவில்லை.
கேட்டருகே பஸ்ஸுக்கு நின்றவளிடம் சொன்னேன்,
உன் நொண்டி மூன்று வந்திருக்கிறது என்று.

"கழுத்து வெடிச்சுக் கிடந்ததோ?"
இல்லை.
"அப்ப சரி. நான் விட்டதுதான்"
என்றபடி உச்சிப்புளி பஸ்ஸில் ஏறினாள்.