மூன்று லாட்

வீரப்பன்சத்திரத்தில் இரவு பதினொன்றரை.
கீழ்வீட்டுத் தறி இன்னும் ஓடுகிறது.
மேசையில் டம்ளர் நடுங்குகிறது,
திரையில் கோடு நடுங்காமல் ஏறுகிறது.

பதினோரு வருட மஞ்சள் விலை
நான்கே விநாடியில் கடந்துபோகிறது.
திறப்பு, உச்சம், தாழ்வு, முடிவு, அளவு.
ஒரு நாளுக்கு ஐந்து எண்.
மழை அதில் பெய்வதில்லை.
செம்மாம்பாளையத்தில் மூட்டையைக் குத்திப் பார்த்து
விரலியை ஒடித்து முகர்ந்து
உதட்டைப் பிதுக்கும் வியாபாரியும் அதில் வருவதில்லை.
ஐந்து போதும் என்கிறது நிரல்.

போன வாரம் ஒரு கோடியே எண்பது லட்சம் காட்டியது.
ஒரு டீ ஆறும்வரை நான் கோடீஸ்வரன்.
பிறகுதான் பிடிபட்டது,
ஒரு வரி தள்ளி எழுதியிருக்கிறேன்.
நாளைய முடிவைப் பார்த்துவிட்டு
இன்று காலை வாங்கிக்கொண்டிருந்தது களவாணி.
விடைத்தாளை மடியில் வைத்துப் பரீட்சை எழுதினால்
ஆர்தான் பெயிலாவார்?

திருத்தினேன்.
தரகு கழித்தேன்.
ஒரு மாத கான்ட்ராக்டிலிருந்து அடுத்ததற்குத் தாவும்போது
விழும் பள்ளத்தைத் தூர்த்தேன்.
இருபது நாள் சராசரியை இருபத்திமூன்றாக்கினால்
லாபம் துள்ளியது, இருபத்திநான்கில் சாய்ந்தது.
ஏன் இருபத்திமூன்று என்று கேட்டால்
சொல்ல ஒன்றுமில்லை என்னிடம்,
என் பிறந்த தேதிகூட அல்ல அது.
செத்த பாம்பை அடித்துக்கொண்டிருக்கிறோமோ என்று
ஒரு சந்தேகம் வந்து
இருபதுக்கே திரும்பினேன்.

இன்று:
நூற்று அறுபத்தேழு வணிகம், எப்போதும் மூன்று லாட்,
இருபத்தொன்பதரை லட்சம்.
நடுவில் இரண்டு வருடம் முட்டுச்சந்தில் நின்ற கோடு.
அதனாலேயே நம்பலாம் போலிருந்தது.

சாயப்பட்டறைக் கணக்கை மூடிவிட்டு
நவமணி வந்து பின்னால் நின்றாள்.
அவளுக்குக் கோடு பிடிக்காது, பட்டியல்தான்.
விரல் ஒரு வரியில் நின்றது.
செவ்வாய்க்கிழமை. விற்பனை. பதினாலாயிரத்து எண்ணூற்று அறுபது.
அதன்பின் புதன், வியாழன், வெள்ளி, திங்கள்,
நான்கு நாளும் திறந்ததும் லோயர் சர்க்யூட்டில்
பூட்டிக்கொண்ட சந்தை.

"உச்சியில வித்திருக்குது. செரி.
வாங்குனது ஆருங்க?"

நிரலில் அந்தக் கேள்விக்குக் கட்டம் இல்லை.
விலை ஒன்று இருக்கிறதென்றால்
வாங்கியவர் ஒருவர் இருந்திருக்கிறார்.
அளவு என்னும் ஐந்தாவது எண்ணுக்குள்
இரண்டாயிரத்து நானூற்றுப் பத்து லாட்டாக
அத்தனை பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

தேதியை மறுபடி பார்த்தேன்.
பார்த்துக்கொண்டே இருந்தேன்.
பீரோவின் கீழ்த்தட்டில்
ரேஷன் கார்டுக்கும் வீட்டுவரி ரசீதுக்கும் நடுவிலிருந்து
பழுப்பேறிய கான்ட்ராக்ட் நோட்டை
அவள்தான் எடுத்துவந்தாள்.
எங்கே இருக்கிறதென்று இத்தனை வருடமும்
அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

மதியம் இரண்டு இருபத்தேழு. மஞ்சள்.
வாங்கியது, மூன்று லாட்.
ப. கார்வேந்தன்.

அந்த நான்கு நாளும்
பெருந்துறை ரோட்டுத் தரகர் ஆபீசில்
விக்கிறேன் விக்கிறேன் என்று நின்றேன்.
ஐந்தாம் நாள்தான் ஒரு ஆள் வாங்கினான்.
மூன்று லட்சத்து முப்பத்தாறாயிரமும்
அவள் ஆரமும் போயிருந்தன.
திரையில் அதே ஐந்தாம் நாள்
விற்றதைத் திரும்ப வாங்கியிருக்கிறது நிரல்.
லாபம், தரகு போக, மூன்று முப்பத்தைந்து.

இவ்வளவு பாடுபட்டு எழுதி
என்னிடமிருந்தே எடுத்திருக்கிறேன்.

"அந்தச் செவ்வாக்கெழமைய எடுத்துப்போட்டு
இன்னொருக்கா ஓட்டுங்க" என்றாள்.
எடுத்தேன். நான்கு விநாடி.
இருபத்தாறு லட்சத்துச் சொச்சம்.
கோடு அப்படியேதான் ஏறுகிறது, நான் இல்லாமலும்.

நூற்று அறுபத்தாறு வரி பாக்கி.
அவற்றுக்கெல்லாம்
எங்கள் பீரோவில் தாள் இல்லை.