நாற்பத்தொன்று, பத்தொன்பது

கீழமாசி வீதியில் அறுநூற்றைம்பது ரூபாய்க்கு
ஓர் ஈரமானி வாங்கினேன்.
உள்ளங்கை அகலம், வெள்ளை பிளாஸ்டிக்.
படிப்புக்கு வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை.
சேர்க்கைக் கடிதம் வந்த மறுநாள்
கை சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான்.

வில்லாபுரம், நாலாவது தளத்துக்கும் மேலே மொட்டை மாடி.
கத்திரி தொடங்கி ஆறாம் நாள், மதியம் இரண்டு இருபது.
வெப்பம் நாற்பத்தொன்று.
காற்றில் ஈரம் பத்தொன்பது.
"பைத்தியமாடி உனக்கு, உள்ள வா" என்கிறாள் ஷமீலா
படிக்கட்டு நிழலைவிட்டு
ஒரு விரலைக்கூட வெளியே நீட்டாமல்.

எனக்கு இந்த வெயில் பிடிக்கும்.
மற்றவர்களுக்கு மழை பிடிப்பதுபோல.
மதுரையில் பிறந்தவள் அப்படிச் சொன்னால்
வேறு வழியில்லாத பேச்சு என்று சிரிக்கிறார்கள்.
இல்லை.
தண்ணீர்த் தொட்டியின் கறுப்பு முதுகில்
கன்னத்தை வைத்து எண்ணுவேன்.
ஒன்று, இரண்டு, மூன்று.
போன வருடம் இரண்டுதான் முடிந்தது.

கொடியில் போட்ட சுடிதார்
பதினோரு நிமிடத்தில் அப்பளம்.
மடித்தால் சத்தம் கேட்கும்.
சூடு ஆறுமுன் அப்படியே போட்டுக்கொண்டு
ஒரு நிமிடம் அசையாமல் நிற்பேன்,
புதிதாய்ப் பொரித்த ஆள் மாதிரி.

பாடத்திட்டத்தை நேற்று ராத்திரி படித்தேன்.
பொருள்களைச் சீரழிக்கும் காரணிகள்
என்று ஒரு பட்டியல்.
ஒன்று, ஒளி.
இரண்டு, வெப்பம்.
பூச்சியும் திருடனும் கீழே எங்கேயோ வருகிறார்கள்.
எதிரிகள் வரிசையில் என் ஆளுக்குத்தான் முதல் நாற்காலி.
இரண்டு வருடம், மங்கிய விளக்கில்,
குளிரூட்டிய அறைகளில்
இவனை உள்ளே விடாமலிருக்கக் கற்கப் போகிறேன்.
சிரிப்பு வந்தது. கொஞ்சம் வேறெதுவோகூட.

கீழடிக்கு மூன்று முறை போயிருக்கிறேன்.
முதல் தடவை ஷமீலா வந்தது ஏசிக்காக.
நான் ஒரு பானை ஓட்டின் முன்னால் நின்றுவிட்டேன்.
குழி, ஆழம், காலம் எல்லாம் சீட்டில் இருந்தது.
இதைச் சுட்டது சூளை, சரி.
சூளைக்குப் போகும் முன்னே
ஈரக்களிமண்ணை இரண்டு நாள்
காயவைத்தது யார்?
இதே ஊர், இதே திசையிலிருந்து இவன்தானே.
எந்தச் சீட்டிலும் இவன் பெயர் இல்லை.
கண்ணாடிமேல் கை வைத்தேன்.
"தொடாதீங்க" என்றார் காவலர்,
கோபமாக இல்லை, தூக்கக் கலக்கத்தில்.

நேர்காணலில் கேட்டார்கள்,
ஏன் அருங்காட்சியகவியல்?
ஓட்டைப் பற்றிச் சொல்லவில்லை.
மரபு, பாதுகாப்பு, வருங்காலத் தலைமுறை என்று
மனப்பாடம் செய்ததை ஒப்பித்தேன்.
மூன்று பேரும் தலையாட்டினார்கள்.
மூன்று பேரும் நம்பவில்லை என்றே நினைக்கிறேன்.
ஆனாலும் இடம் கொடுத்துவிட்டார்கள்.

ஜூலை மூன்றாம் தேதி ரயில். இரண்டு ராத்திரி.
"பரோடாவுல வெயில் அடிக்குமா?"
"அடிக்கும்."
"அப்புறமென்ன?"
அடிக்கும்தான். ஆனால் அது
என்னைத் தெரியாத வெயில்.
எந்த மணிக்கு எந்தச் சுவரில் சாயும்,
எந்தக் கைப்பிடி தொட்டால் சுடும்,
எல்லாம் முதலிலிருந்து பழகவேண்டும்.
அதற்கும் சேர்த்துத்தான் ஆசையாக இருக்கிறது,
வெட்கமில்லாமல்.

ஒருவழியாக வெளியே வந்தாள் ஷமீலா,
செருப்பில்லாமல்,
ஒவ்வொரு அடிக்கும் யா அல்லா என்று.
ஈரமானியைப் பிடுங்கித் தன் நிழலில் வைத்துக்கொண்டாள்.
முப்பத்தெட்டு.
"பாரு, நான் வந்ததும் குறைஞ்சிருச்சு."
வாங்கித் திரும்ப வெயிலில் வைத்தேன்.
எண் மெதுவாக ஏறுவதை இருவரும் பார்த்தோம்
கால் மாற்றிக் கால் மாற்றி.

"நான் போனப்புறம் இது உங்கிட்ட இருக்கட்டும்.
தினம் ரெண்டு இருபதுக்கு எண்ணை அனுப்பு."
"சம்பளம்?"
"ஜிகர்தண்டா. ஸ்பெஷல்."
அவள் யோசித்தாள். உப்பு பூத்த மேலுதட்டைத் துடைத்தாள்.
"வாரத்துக்கா, மாசத்துக்கா?"