குளிர்பெட்டியின் சுருதி

ஹாமில்டனில், பார்ட்டன் தெருவில்,
கம்பளம் விற்றவன் காலி செய்துபோன கிடங்கில்
பதினோரு இரவுகள்.
வாடகை நூற்றிருபது டாலர். ஹீட்டர் தனி.

டோரீன் பாடும்போது நான் மூச்சுவிடுவதில்லை.
மைக்குக்குக் காது அதிகம்:
இரும்பாலைச் சங்கு,
நெவிலின் முழங்கால் சொடக்கு,
கிதார் கம்பியில் அவன் விரல் வழுக்கும் கீச்சு.

மூன்றாம் பாட்டில் ஓர் உறுமல்.
கேபிளை மாற்றினேன். ஆம்பைத் திருப்பி வைத்தேன்.
தரையெல்லாம் தவழ்ந்தேன்.
கடைசியில் பார்த்தால்
மூலையில், பியர் அடுக்கிய பழைய குளிர்பெட்டி.
அணைத்தேன்.
"ஏன் இப்படி ஒத்தையா நிக்குது பாட்டு?"
ஹெட்போனைக் கழற்றாமலே கேட்டாள் டோரீன்.
மறுபடி போட்டேன்.
பி-க்கும் பி ஃபிளாட்டுக்கும் நடுவே
எதிலும் சேராமல் நின்றது அது.
நாங்கள்தான் கம்பியைத் தளர்த்தி
அதனிடம் போய்ச் சேர்ந்தோம்.

ஐந்நூறு தட்டு அச்சடித்தோம்.
முதல் மாதம் அறுபத்திரண்டு போனது,
அதில் ஒன்பது நெவிலின் அக்கா வாங்கியது.
டொராண்டோ விமர்சகர் மூன்று நட்சத்திரம் போட்டார்:
"நடந்து தேய்ந்த பாதை. ஆனால்
மூன்றாம் பாட்டின் அடியில் ஓடும் துயரத்தின் ஆதார சுருதி
எந்த வாத்தியம் என்று புரியவில்லை."

நெவிலுக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறியது.
டோரீன் சிரிக்கவில்லை. கத்தரித்து
குளிர்பெட்டிக் கதவில் ஒட்டினாள்.

ஜூலையில் அது செத்துப்போனது.
பியர் எல்லாம் வெந்நீர்.

அக்டோபரில், சட்பரியில், முப்பது பேர் முன்னால்
மூன்றாம் பாட்டு.
ஒருவன் கத்தினான், "தட்டுல வேற என்னமோ இருந்துச்சே!"
டோரீன் அவனைப் பார்த்தாள்.
பிறகு உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு
மைக்கில் நெற்றி முட்ட
தானே உறுமத் தொடங்கினாள்.