வாலுக்கு ஷிப்ட்

தவிட்டு வாசனைக்குக் கோடவுனுக்குள் நுழைந்தவளை
அதட்டி விரட்டி
ஷட்டரை இழுத்துவிட்டான் ஒருவன்.
அல்லி வெளியே வந்துவிட்டாள்.
வால் வரவில்லை.

கறுத்துப்போன நுனியை ஒன்பதாம் நாள்
டாக்டர் எடுத்தார். மிச்சம் ஒரு முழம்.
"உயிருக்கு ஒண்ணுமில்லம்மா,
ஈ மட்டும் மொய்க்காம பாத்துக்குங்க."
ஏதோ போகும்போது
லைட்டை அணைத்துவிட்டுப் போங்கள் என்பதுபோல.

கொருக்குப்பேட்டையில் ஈ மொய்க்காமல்.

மேற்கே காற்றடித்தால் கொடுங்கையூர்க் குப்பைமேட்டு ஈ,
கிழக்கே அடித்தால் காசிமேட்டுக் கருவாட்டு ஈ,
காற்றே இல்லாவிட்டால்
எங்கள் சந்து ஈயே போதும்.
கண்ணோரம் நக்குகிறது ஒரு ரகம்.
மடிக்கு மேலே, தோல் மெல்லிசான இடம் பார்த்து
ஊசி இறக்குகிறது இன்னொன்று.
அதற்கு என் கையும் மாட்டுத் தோலும் ஒன்றுதான்.

வேப்பெண்ணெயில் கற்பூரம் குழைத்துத் தடவினேன்.
"இன்னாக்கா, டீயில வேப்பம்பூ வாசன வருது"
கன்னியப்பன் கடையிலிருந்து ரெண்டு லிட்டர் திரும்பி வந்தது.
புகை மெஷினோடு வந்த கார்ப்பரேஷன் ஆளை மறித்தேன்.
"இது கொசுவுக்குத்தான்கா. ஈ நம்மள மதிக்காது."
ஏகவல்லியின் தம்பி பழைய மீன்வலை கொண்டுவந்தான்.
வஞ்சிரம் மாட்டுகிற கண்ணில் ஈ மாட்டுமா,
உள்ளே வந்து, சுற்றிப் பார்த்து, வெளியே போனது.
கொசுவலை கட்டினோம்.
ஓரத்தை அவளே மென்றுவிட்டாள்.

அப்புறம் நாங்களே வாலானோம்.

விடிந்ததும் நான், ஈரத் துண்டோடு.
எட்டு மணிக்கு மேல் நாத்தனார் ஏகவல்லி,
ஒரு கையில் விசிறி, மறுகையில் ஒட்டவேண்டிய மருந்துக் கவர்.
ஸ்கூல் விட்டு வந்தால் டில்லிபாபு.
பதினொன்றாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் பின்னட்டையில்
பதினேழு ஈ.
அந்தப் புத்தகம் அவ்வளவு திறமையாய்
அதற்குமுன் எதற்கும் பயன்பட்டதில்லை.
இரவு என் வீட்டுக்காரர் எத்திராஜ்.

முன்பெல்லாம் கறக்க உட்கார்ந்தால்
சாணி காய்ந்த நுனியால் கன்னத்தில் அறைவாள்.
இந்த வாலு அறுந்து வுழ என்று
எத்தனை தரம் சொல்லியிருப்பேன்.
யாரிடமும் இதைச் சொல்லவில்லை.

ஒரு ராத்திரி கரண்ட் போனது.
மாட்டுக்கு வைத்த ஃபேன் நின்ற சத்தத்தில்
நாலு பேரும் எழுந்துகொண்டோம்.
இருட்டில் அந்த ஒரு முழம்
இடது பக்கம், வலது பக்கம், இடது பக்கம்.
"ஒண்ணும் எட்டல,
இது ஏன் சும்மா ஆட்டிக்கினே கீது?"
அவர் வலது கையை மடக்கினார், விரித்தார்.
மணலி கம்பெனி பிரஸ்ஸில் ரெண்டு விரல் போன கை.
"எனுக்கு மோதிர வெரல் அரிக்குது, சில ராத்திரி.
எங்க போய் சொறியறது?"
பதினொரு வருஷமாகப் பக்கத்தில் படுத்திருக்கிறேன்.
இதை இன்றுதான் கேட்கிறேன்.

மறுநாள் ஹார்பர் பக்கமிருந்து
ஒரு பாகம் பச்சை நைலான் கயிறு கொண்டுவந்தார்.
மிச்சமிருக்கும் எட்டு விரலால்
பிரி பிரியாய்ப் பிரித்தார்,
என் சீப்பை எடுத்து வாரினார்.
கேட்கவில்லை; நானும் கேட்கவில்லை.
காயம் ஆறிய இடத்துக்கு மேலே துணி சுற்றி,
ரத்தம் ஓடணும் என்று
விரலை உள்ளே விட்டுப் பார்த்துப் பார்த்துக் கட்டினார்.

ரெண்டு நாள் அதை
யாருடையதோ போல இழுத்துக்கொண்டு நின்றாள்.
தெருப் பிள்ளைகள் பச்சை வாலு, பச்சை வாலு என்றார்கள்.
ஈக்கள் அதன்மேலேயே உட்கார்ந்தன.

மூன்றாம் நாள் விடியற்காலை
மடியைக் கழுவிக் காம்பைப் பிடித்தேன்.
பளீர் என்று ஒன்று.
கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.
கன்னத்தைத் தொட்டால் வரி வரியாய்.
உள்ளே கூப்பிட வாயெடுத்தேன்,
அப்போதுதான் படுத்திருந்தார், விட்டுவிட்டேன்.

பால் நுரையில்
ஒரு பச்சை நூல் மிதந்தது.
எடுத்துப் போட்டுவிட்டுக் கறந்தேன்.
கன்னியப்பனிடம் சொல்லவில்லை.