கேள்வி எண் பதினேழு

"அவசர காலத்தில் தொழில் தடையின்றி நடக்கத்
திட்டம் உள்ளதா? விவரிக்கவும்."
வங்கிப் படிவத்தில் இதற்கு
ஒரு விரல் அகலம் இடம் விட்டிருக்கிறார்கள்.

இருந்தது, சார்.
நாற்பது பக்க நோட்டில், எண் போட்டு.
ஜங்ஷனில் மருந்துக்கடை. தண்ணீர் முழங்காலைத் தொட்டால்
எந்த அலமாரி எதன் தலையில் ஏறும்,
கரண்டு போனால் இன்சுலினுக்கு
எந்த ஐஸ் கம்பெனி,
கடன் பேரேட்டின் நகல் பெருமாள்புரத்தில்
மாமியாரின் சேலைப் பெட்டிக்குள்.
சாவி இரண்டு:
ஒன்று என்னிடம், இன்னொன்று
மேலப்பாளையம் மைதீன் பிச்சையிடம்.

ஞாயிறு விடியும்போது பாலத்தில் கயிறு கட்டிவிட்டார்கள்.
நான் ஆற்றுக்கு இந்தப் பக்கம்.
மைதீன் பிச்சையும் இந்தப் பக்கம்.
இரண்டு சாவியும் இந்தப் பக்கம்.
நடுவில் தாமிரபரணி
யார் வீட்டுக் கட்டிலையோ தூக்கிக்கொண்டு
அவசரமில்லாமல் போய்க்கொண்டிருந்தது.

கடைக்கு மேலே மாடியில் தங்கும்
பரோட்டா மாஸ்டர் அணஞ்சான் நம்பர்
நோட்டில் இல்லை.
எப்போதோ ஒரு சில்லறைத் தகராறில் போனில் பதிந்தது.
"யக்கா, உடைச்சிரட்டா?"
"உடைச்சிரு."
குழவிக்கல்லால் மூன்று அடி கேட்டது. நாலாவது
கேட்கவில்லை, பூட்டு விழுந்துவிட்டது.

மீன் வரும் தெர்மாகோல் பெட்டியில்
இன்சுலின் மாடி ஏறியது.
பழைய டப்பாவைக் காட்டினால் அதே டப்பா;
அவன் படித்த மருந்தியல் அவ்வளவுதான்.
சந்தேகம் வந்தால் எனக்குப் போன்.
மதியம் போனும் செத்தது.
அதற்குப் பிறகு வந்த சந்தேகங்களை
என்ன செய்தான் என்று
இன்றுவரை நான் கேட்கவில்லை.

புதன்கிழமை பாலம் திறந்தது.
சனி ராத்திரியே ஒன்றன்மேல் ஒன்றாய் ஏற்றிய அலமாரிகள்
ஒன்றன்மேல் ஒன்றாய்ச் சேற்றில் கிடந்தன.
மாடிச் சுவரில் அடுப்புக்கரியில் கணக்கு.
பெயர் தெரிந்தவர்கள் பெயரோடு.
மற்றவர்கள்: சிவப்புக் குடை,
கைலாசபுரம் டீச்சர்,
அழுத ஆள்,
காசு பிறகு, காசு பிறகு, காசு பிறகு.
கூட்டிப் பார்த்தேன். மூன்று குப்பி இடித்தது.
'மழை' என்று செலவுத் தலைப்புப் போட்டு எழுதினேன்.
ஆடிட்டர் அதன் கீழே இரண்டு கோடு இழுத்துக்
கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

அணஞ்சானுக்கு ஒரு சாவி வெட்டிக் கொடுத்தேன்.
"எதுக்குக்கா, குழவி இருக்குல்லா" என்றான்.
ஆனாலும் வாங்கி அரைஞாணில் முடிந்துகொண்டான்.

'ஆம்' என்று எழுதினேன் படிவத்தில்.
அதை அடித்துவிட்டு
அவன் நம்பரை எழுதினேன்.
இடம் போதவில்லை.
கடைசி இரண்டு எண்கள்
பதினெட்டாம் கேள்விக்குள் இறங்கிவிட்டன.