மாதிரி 61

உதவித்தொகை நான்கு வருடம்.
அதில் கடலைக்கென்று ஒரு தனி வரி:
வீட்டுக்கு அரைக் கிலோ, சந்தை விலை.

கசுங்குவில் அறுபது வீட்டில்
லிம்பிகானி வாங்கிவந்த கடலையில்
பூஞ்சை நஞ்சு பேருக்குக்கூட இல்லை.
கருவி சரியா என்று கேட்டு எழுதினார் நெறியாளர்.
கருவி சரிதான்.
மறுபடி மினிபஸ் ஏறினாள்.

எஸ்னாத் புடைத்துக்கொண்டிருந்தாள்.
"திரட்சியானது உனக்கு.
எங்கள் ஆய்வுக்காரிக்குச் சொத்தையையா தருவோம்?"

"சொத்தை எங்கே போகிறது?"

முறம் ஓய்ந்தது.
பதில் வரவில்லை;
அடுப்பில் கஞ்சி கொதித்தது,
இடித்த கடலை மணக்க.

அன்றைய ரசீதில் எழுதினாள்:
மாதிரி 61. கஞ்சி, ஒரு சட்டி, சூடாக.
விலைக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
எஸ்னாத்தின் பிள்ளை
காலிக் கிண்ணத்தைக்
கரண்டியால் தட்டிக்கொண்டே இருந்தான்.